புதன்கிழமை ஊசி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இதைச் சொல்லாத ஆள் கிடையாது. கிராமம் கிராமமாகப் போய் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஊசி போடுகிற நர்சுக்கு வாய் இல்லாவிட்டால் ஒருத்தியும் வந்து கையை நீட்டமாட்டாள் என்று நானும் பதிலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ராஜாத்தி விஷயத்துக்குப் பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன்.

நான் அதிராம்பட்டினத்துக்காரி. பெயர் நூர்ஜஹான். ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நர்சம்மாதான். 1989இல் நன்னிலத்துக்குத் தெற்கே சேந்தன்வெளிக்கு என்னை மாற்றிப் போட்டார்கள். கடற்கரை மணலில் நடந்து வளர்ந்த எனக்கு வரப்பில் நடக்க வரவில்லை. முதல் வாரமே மருந்துப் பையோடு சேற்றில் விழுந்தேன். நடவு வயலில் நின்ற பெண்கள் எல்லாரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரித்துக்கொண்டே வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"வரப்புல போறப்ப காலைப் பாக்காதீங்க நர்சம்மா. எதுக்க பாத்து நடங்க, கால் தானா போவும்" என்றாள்.

அவள்தான் ராஜாத்தி. அப்போது இருபத்தொரு வயது. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிறந்த ஊர் நீடாமங்கலம். அப்பா ரயில்வேயில் கேங்மேன். எட்டாவது படிக்கும்போது அம்மா படுத்துவிட்டதால் பள்ளிக்கூடம் நின்றது. அதனால் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் போடுகிற ஊசியும் அவளுக்குப் போடவில்லை. பிறந்தபோது போட்டார்களா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் நான் பின்னால் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்க வேண்டிய காலத்தில் கேட்கவில்லை.

அவள் புருஷன் பஞ்சநதம் நல்ல உழைப்பாளி. இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து சாகுபடி செய்துகொண்டிருந்தான். ஆற்றில் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை என்று ஆனபிறகு, ஊரில் பாதி ஆண்கள் பாஸ்போர்ட் எடுத்தார்கள். பஞ்சநதமும் 1993இல் மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்குப் போனான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, நாற்பத்தைந்து நாள் லீவு. அவ்வளவுதான் அவர்கள் குடும்பம் நடத்திய லட்சணம்.

அவன் போனதும் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். ராஜாத்தி விடவில்லை. நாற்றங்கால் விட்டாள், வரப்பு வெட்டினாள், மடை திறந்து மடை அடைத்தாள். ஆம்பளைகளோடு தண்ணீருக்குச் சண்டை போட்டாள். "பஞ்சநதம் பொண்டாட்டியா அது, மிராசுதாருல்ல" என்று கேலி செய்தார்கள். அவளும் மிராசுதார் மாதிரியே மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து காட்டுவாள். அப்படி ஒரு சிரிப்புக்காரி.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குச் சிரிப்பு வராது. குழந்தை இல்லை. புருஷன் மஸ்கட்டில் இருந்தால் குழந்தை எப்படி வரும் என்று ஊர் யோசிப்பதில்லை. லீவு முடிந்து அவன் கிளம்பிப் போன மறுமாதம், குளத்தங்கரையில் நாலு பேர் அவள் இடுப்பைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனி ஊசி சமாசாரம். புதன்கிழமை தோறும் சத்துணவுக்கூடத்தில் ஊசி போடுவேன். ஐஸ் வைத்த பெட்டியில் மருந்து வரும். ஒரு சீசாவில் பத்துப் பேருக்கான மருந்து இருக்கும். பெஞ்சில் கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் போடுவது டி.டி., அதாவது டெட்டனஸ் என்கிற ரணஜன்னிக்குத் தடுப்பூசி. தாய்க்கும், பிறக்கிற பிள்ளைக்கும் ரணஜன்னி வராமல் காக்கும். ஊரில் அதற்குப் பெயர் கர்ப்ப ஊசி. அதே மருந்தைத்தான் ஆணி குத்தினாலும், அரிவாள் வெட்டினாலும் ஆஸ்பத்திரியில் போடுவார்கள். அதற்கு ஊரில் பெயர் இரும்பு ஊசி. ஒரே மருந்து, ஒரே சீசா. பிள்ளை பெற்ற பெண்கள் இரண்டையும் போட்டுக்கொண்டு எப்படியோ தெரிந்து வைத்திருந்தார்கள். பிள்ளை பெறாதவளுக்குத் தெரிய வழியில்லை. அவள் கையில் எந்த ஊசியும் ஏறவும் வழியில்லை. கர்ப்பிணிகள் கணக்கைத்தான் மேலே கேட்பார்கள். ஆண்களைப் பற்றியோ, கல்யாணமாகாத பெண்ணைப் பற்றியோ, ராஜாத்தி மாதிரிப் பெண்ணைப் பற்றியோ கேட்டவர் இல்லை. கேட்காததை நானும் செய்யவில்லை. எட்டு வருஷம் அவள் வீட்டு வாசல் வழியாகத்தான் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ராஜாத்தியின் கொழுந்தன் பெண்டாட்டி ஈஸ்வரி. அவளுடைய இரண்டு பிரசவத்துக்கும் ராஜாத்திதான் சத்துணவுக்கூடத்துக்குத் துணைக்கு வருவாள். உள்ளே வரமாட்டாள். வாசலில் நின்றபடி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையை நான் கவனித்திருக்கிறேன். அந்தப் பெஞ்சில் ஒரு புதன்கிழமை தானும் உட்கார வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை. ஈஸ்வரியிடம் அதை வாய்விட்டே சொல்லியிருக்கிறாள்.

1997 ஆடிக் கடைசியில் பஞ்சநதம் லீவு முடிந்து விமானம் ஏறினான். ஆவணியில் ராஜாத்திக்கு நாள் தள்ளிப்போனது. புரட்டாசியிலும் வரவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்று மாதம் முடியும் முன் வெளியே சொன்னால் கண்பட்டுக் கலைந்துவிடும் என்று இந்தப் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காதர் மைதீனின் எஸ்.டி.டி. பூத்துக்கு அவன் போன் பண்ணுவான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பத்துப் பேர் காத்திருப்பார்கள், அத்தனை பேருக்கும் காது. மூணு மாசம் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டாள். எனக்கு இது அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

சம்பா நடவு நேரம். பக்கத்து வயல்காரர் ரெங்கசாமி, ஆடு இறங்காமல் இருக்க மடை வாயில் கருவமுள் வெட்டிப் போட்டிருந்தார். அதில் ஒரு கிளை சேற்றில் புதைந்து கிடந்திருக்கிறது. ராஜாத்தி அதன்மேல் காலை வைத்துவிட்டாள். குதிகாலில் முள் ஆழமாக ஏறி உள்ளேயே முறிந்தது. நான் அந்த வழியாகப் போனபோது வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஈஸ்வரி ஊக்கால் நோண்டி எடுத்து முடித்துவிட்டு, எருக்கம்பாலை ஓட்டைக்குள் விட்டு, சுட்ட மஞ்சளை அரைத்து மேலே அப்பிக்கொண்டிருந்தாள்.

"அடியே, பூசி மெழுகாத. ஓட்டையை அடைச்சா உள்ள புழுங்கும்டி. சோப்புப் போட்டு நல்லாக் கழுவு, தொறந்து கெடக்கட்டும்" என்று கத்தினேன். பிறகு ராஜாத்தியிடம், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி டாக்டர்ட்ட காலைக் காட்டிட்டு ஊசி போட்டுக்க. போவ முடியலன்னா புதன்கிழமை வா, நானே போட்டு விடறேன்" என்றேன்.

"ஊசியா? வேணாங்க நர்சம்மா" என்றாள்.

"ஏன்?"

அவள் சேலை முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். "அந்த ஊசி ஒடம்புக்குச் சூடுங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு வெயில், நடந்த களைப்பு, இன்னும் மூன்று ஊர் பாக்கி. முள் குத்தினவள் சூடு, குளிர்ச்சி என்று கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறாளே என்று எரிச்சல். "ஆமா, நெருப்பாட்டம் சூடு. போட்டுக்காம இரு, ஒரேயடியா குளுந்துடுவே" என்றேன். நடவுப் பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராஜாத்தியும் சிரித்த மாதிரிதான் இருந்தது. நான் நடையைக் கட்டினேன்.

இங்கே சூடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? பப்பாளி சூடு, எள் சூடு, சூடானது எதுவும் பிஞ்சுக் கர்ப்பத்தைக் கலைத்துவிடும் என்று பெண்கள் சொல்வதை தினமும் கேட்கிறவள் நான். அந்தக் கேள்வியை வேறு எந்தப் பெண் கேட்டிருந்தாலும் எத்தனை மாசம் என்று அந்த இடத்திலேயே கேட்டிருப்பேன். ராஜாத்தி கேட்டதால் எனக்குத் தோன்றவில்லை. குளத்தங்கரைப் பெண்களை நான் திட்டுவேன். அவர்களைவிட மேலாக நான் அவளை நினைக்கவில்லை என்பது அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. எந்த ஊசிக்காகப் பதினோரு வருஷம் ஏங்கினாளோ, அந்த ஊசியைப் பிள்ளையைக் கலைத்துவிடும் என்று பயந்து ஒதுக்கினாள்.

ஒன்பதாம் நாள் குத்தின காலில் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிப்போனது. பாதம் கீழே இழுத்துக்கொண்டது. குதிகால் தரையில் படாமல் விரல் நுனியில் நடந்தாள். தொட்டால் சதை துடித்தது. நரம்பு பிசகியிருக்கும் என்று ஈஸ்வரி வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க இழுப்பு கூடியது. இரண்டு நாள் கழித்து நான் அவளைத் தெருவில் பார்த்தேன். காலைப் பார்த்ததும் அங்கேயே நிறுத்தினேன்.

"வாயைத் தொற பாப்பம்" என்றேன்.

அவள் வாயை அகலத் திறந்து, நாக்கையும் நீட்டிக் காட்டினாள். "வாய்க்கென்னங்க கேடு, ஒங்களுக்கு இருக்கறதுல பாதியாவது இருக்கும்" என்று சிரித்தாள்.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. ரணஜன்னி என்றால் வாய் கிட்டும், முதுகு வில்லாக வளையும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாய் நன்றாகத் திறக்கிறது, அப்படியானால் அது இல்லை என்று முடிவு கட்டினேன். காயம் பட்ட உறுப்பில் மட்டும் வருகிற ரணஜன்னி ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சிலருக்கு அந்த இறுக்கம் அந்தக் காலோடு, அந்தக் கையோடு நின்று, சில வாரத்தில் மெல்ல விட்டுவிடுமாம். சிலருக்கு மேலே ஏறுமாம். தஞ்சாவூர் டாக்டர் பிறகு எனக்கு இதைச் சொன்னார். "கால்ல மட்டும் இருந்தப்பவே கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா" என்று அவர் திட்டாமல்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் ஈஸ்வரி ஓடிவந்தாள். அக்காவுக்குக் கஞ்சி இறங்கவில்லை, பல் கிட்டுகிறது என்றாள். ரெங்கசாமி தன் வேனை எடுத்துக்கொண்டு வந்தார். தன் முள்தான் என்று அவருக்குத் தெரியும். வேன் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ராஜாத்திக்கு உடம்பு விறைத்தது. அவள் இரண்டு கையையும் அடிவயிற்றின் மேல் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்று கேட்டதும் ராஜாத்தி என்னைப் பார்த்தாள். வாய் திறக்க வரவில்லை. மூன்று விரலைக் காட்டினாள். பிறகு அதில் ஒரு விரலைப் பாதி மடக்கினாள், இரண்டரை மாதம்.

அந்தச் சூடு கேள்வி அப்போதுதான் எனக்குள் இறங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உம்மா செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை.

குதிகாலைக் கீறித் திறந்து, உள்ளே தங்கியிருந்த முள் துண்டுகளை எடுத்தார்கள். மஞ்சளும் எருக்கம்பாலும் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் வைத்திருந்தது. நோயின் விஷத்தை முறிக்கிற மருந்தை ஏற்றினார்கள். ஜன்னல் எல்லாம் சாத்திய ஓர் இருட்டு அறையில் போட்டார்கள். சின்னச் சத்தம் கேட்டாலும், வெளிச்சம் பட்டாலும் உடம்பு முறுக்கிக்கொள்ளும் நோய் அது. ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட வில்லாக வளைவாள். ஈஸ்வரி கால் கொலுசைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு பக்கத்தில் இருந்தாள். ஆறாம் நாள் கர்ப்பம் கலைந்தது. மூன்று மாதம் முடியப் பத்து நாள்கூட இல்லை. ராஜாத்தி கண்ணைத் திறந்துகொண்டே கிடந்தாள், எல்லாம் தெரிந்தது. அழுதால் வலிப்பு வரும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவள் அழக்கூட இல்லை என்று ஈஸ்வரி சொன்னாள்.

ஐந்து வாரம் கழித்து ஊருக்குத் திரும்பி வந்தாள். பிழைத்ததே பெரிது என்றார்கள். அது உண்மைதான். ஆளைப் பார்த்தால் பத்து வயது கூடிப்போயிருந்தது. இடது காலை இன்னும் இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை பூத்துக்குப் போனாள். பஞ்சநதத்துக்கு அவள் படுத்த சேதி மட்டும்தான் போயிருந்தது. பிள்ளை உண்டானதையும் அது போனதையும் ஒரே போனில் அவள்தான் சொல்ல வேண்டும். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் காதர் மைதீன் எழுந்து ரேடியோவைச் சத்தமாக வைத்தார். வெளியே நின்றவர்களை, "எல்லாரும் அந்தப் பக்கம் போயி நில்லுங்க" என்று அதட்டித் தெருமுனைக்கு அனுப்பினார். நானும் தெருமுனைக்குப் போனேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரு குறிப்பு இருந்தது. அம்மை மாதிரி இந்த நோய் ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்பதில்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் வரும். அதனால் டி.டி. முழுவதும் போட்டே ஆகவேண்டும். முதல் ஊசியை அங்கேயே போட்டு அனுப்பியிருந்தார்கள். ஒரு மாதம் கழித்து இரண்டாவதை நான் போட வேண்டும். இதற்குள் நான் ஊர் முழுக்கக் கேட்க ஆரம்பித்திருந்தேன். எத்தனை குழந்தை என்று கேட்பதை விட்டுவிட்டு, கடைசியாக எப்போது டி.டி. போட்டாய் என்று ஆண், பெண், கிழவர் எல்லாரையும் கேட்டேன். மேலே மருந்துக்கு எழுதிச் சண்டை போட்டேன். ரெங்கசாமி முதல் ஆளாக வந்து போட்டுக்கொண்டார்.

ராஜாத்திக்கு மட்டும் அவள் வீட்டுக்கே போய்ப் போடுவதாகச் சொல்லியிருந்தேன். புதன்கிழமை கர்ப்பிணிகள் நடுவே அவள் வர வேண்டாம் என்று நினைத்தேன். அவளே வந்துவிட்டாள். ஈஸ்வரி கையைப் பிடித்துக்கொண்டு, சத்துணவுக்கூடத்துக்குள்ளேயே வந்தாள். நிற்க முடியவில்லை. பெஞ்சில் மூன்று கர்ப்பிணிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நகர்ந்து இடம்விட, ஓரமாக உட்கார்ந்தாள். நான் ஒவ்வொருத்தியாகப் போட்டுக்கொண்டு வந்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவதாக அவள் முறை. ஊசியை மாற்றி, சீசாவைத் தலைகீழாகப் பிடித்து மருந்தை இழுத்தேன்.

"அவங்களுக்குப் போட்ட சீசாதானங்க இது?" என்றாள்.

"ஆமா."

"எனக்கும் இதுலேர்ந்தா?"

"ஆமா ராஜாத்தி. எல்லாருக்கும் ஒரே மருந்துதான்."

"அன்னிக்கு வயல்ல போட்டுக்கன்னு சொன்னீங்களே" என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

அது வேறு ஊசி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இவளிடம் இனி எதையும் மாற்றிச் சொல்லக்கூடாது என்று தோன்றியது.

"அதுவும் இதான்" என்றேன். "சூடெல்லாம் ஒண்ணுமில்ல. புள்ளத்தாச்சிக்கே போடறதுதான். அன்னிக்கு நான் கேலிக்குச் சொல்லிட்டேன். பாவி நான், என்னை மன்னிச்சுக்க."

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் திட்டவில்லை. பக்கத்தில் இருந்த மூன்று பெண்களையும் ஒரு முறை பார்த்தாள். அவர்கள் ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இவங்களுக்கு எந்தக் கையில போடுவீங்க?" என்று கேட்டாள்.

"எடது கையில."

ராஜாத்தி இடது கை ரவிக்கையை மேலே சுருட்டிவிட்டாள். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தப் பெண்கள் நீட்டிய மாதிரியே கையை நீட்டினாள். நான் போட்டேன்.